வலி குறைந்ததா? இதுவும் விஞ்ஞானக் கேள்விதான்



புற்றுநோயைப் பற்றிப் பத்திரிகைகளில் எப்போது செய்தி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் "புற்றுநோய்க்குப் புதிய மருந்து" என்ற தலைப்பில்தான் வரும். இந்த நோயை அடியோடு ஒழிப்பது எப்போது என்பதுதான் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கேள்விகள் வேறாக இருக்கும். "இன்று இரவு தூங்க முடியுமா? இந்த வலி எப்போது நிற்கும்? இன்னும் எத்தனை தடவை இவ்வளவு தூரம் வரவேண்டும்?"

இந்தக் கேள்விகளுக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. நோயைத் தீர்ப்பது விஞ்ஞானிகளின் வேலை, வலியைக் குறைப்பது இரக்கமுள்ளவர்களின் வேலை என்று அவர்கள் பிரித்து விடுகிறார்கள். இந்தப் பிரிவினை தவறு என்பது என் கருத்து. வலி குறைந்ததா, அலைச்சல் குறைந்ததா, எஞ்சிய நாட்கள் நல்லபடியாகக் கழிந்தனவா என்பவையும் விஞ்ஞானக் கேள்விகளே. இவற்றுக்கும் அளவீடு உண்டு, ஒப்பீடு உண்டு, சோதனை உண்டு. இந்தக் கேள்விகளை நம் நாடு இன்னும் அதிகமாகக் கேட்கவேண்டும், அதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடவேண்டும் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

"கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவருக்குப் புற்றுநோயில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். கதிர்வீச்சு எங்கள் பாடத்தில் வருவது. அளப்பதும் எங்கள் தொழில். எதை அளப்பது என்று முடிவு செய்வதுதான் எந்தச் சோதனையிலும் முதல் படி. புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும்.

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை"

எங்கள் திருக்கனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பெரிய ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை." உங்கள் ஊரிலும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

இந்தப் பேச்சில் ஒரு பாதி உண்மை. உடலின் பல பாகங்களுக்கும் பரவிவிட்ட புற்றுநோயைப் பல சமயங்களில் முற்றிலும் தீர்க்க முடிவதில்லை. ஆனால் "தீர்க்க முடியாது" என்பதும் "ஒன்றும் செய்ய முடியாது" என்பதும் ஒன்றா? மூச்சுத் திணறலைக் குறைக்கலாம். வாந்தியை நிறுத்தலாம். புண்ணின் துர்நாற்றத்தைப் போக்கலாம். வலியைத் தணிக்கலாம். மனக் கலக்கத்துக்கு ஆறுதல் தரலாம். குடும்பத்தாருக்கு வழி காட்டலாம். இவை அனைத்தும் சேர்ந்ததைத்தான் தணிப்புச் சிகிச்சை என்கிறோம். ஆஸ்பத்திரிகளில் 'பாலியேட்டிவ் கேர்' என்பார்கள்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்வதெல்லாம் நன்மையாகவே முடியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நோயாளிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நாம் நம்பிக் கொடுப்பது அவரை மேலும் வாட்டலாம். ஆறு நாள் செய்யும் சிகிச்சை ஒரே நாளில் முடியக்கூடியதாக இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் இதை எப்படி அறிவது?

நாணயம் சுண்டுவது ஏன்?

ஓர் ஊரில் ஒருவர் ஒரு கஷாயம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இதைக் குடித்த மூன்று பேர் நன்றாக இருக்கிறார்கள்" என்கிறார். ஊரே திரண்டு போகிறது. நீங்கள் விஞ்ஞான மாணவர். என்ன கேட்பீர்கள்? மொத்தம் எத்தனை பேர் குடித்தார்கள்? குடித்தும் இறந்தவர்கள் எத்தனை பேர்? குடிக்காமலே நன்றாக இருப்பவர்கள் எத்தனை பேர்? இந்த எண்கள் தெரியாதவரை அந்த மூன்று பேரைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

ஆகவே இரண்டு குழுக்களை ஒப்பிட வேண்டும். ஒரு குழுவுக்குப் பழைய சிகிச்சை, மற்றதற்குப் புதிய சிகிச்சை. இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. குழுவைப் பிரிக்கும் பொறுப்பை டாக்டரிடமே விட்டால், திடமாக இருப்பவர்களைத் தம்மையும் அறியாமல் புதிய சிகிச்சைக்கு அனுப்பிவிடலாம். பிறகு புதிய சிகிச்சை வென்றது போலத் தோன்றும். உண்மையில் வென்றது நோயாளியின் உடல் பலம்! இதைத் தவிர்க்கத்தான் குலுக்கல் முறை. நாணயம் சுண்டுவது போல, யார் எந்தக் குழு என்பதைத் தற்செயலே தீர்மானிக்கிறது. போதிய எண்ணிக்கையில் நோயாளிகள் சேர்ந்தால், வயது, உடல் பலம், வறுமை எல்லாம் இரு குழுவிலும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். அதன் பிறகும் வேறுபாடு தெரிந்தால் அதைச் சிகிச்சையின் வேறுபாடு என்று கொள்ளலாம். 'கிளினிக்கல் டிரயல்' என்று சொல்லப்படும் மருத்துவ ஆய்வின் உயிர்நாடி இதுதான்.

இம்முறையால் உலகத்துக்கே ஒரு பாடம் சொன்ன ஊர் நம் சென்னை. 1950-களில் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக் கணக்கில் தங்க வைத்துச் சிகிச்சை தருவதே சிறந்தது என்று கருதினார்கள். அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? 1956-ல் சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் இருந்தனர். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளில் இருந்தபடியே அதே மருந்துகளைச் சாப்பிட்டனர். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினரும், வீட்டில் 86 சதவீதத்தினரும் நோய்க்கிருமி அடங்கிய நிலையை அடைந்திருந்தனர். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது.

இந்த ஆய்வில் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். புதிதாக இருந்தது கேள்விதான். "ஏழை நோயாளி வீட்டிலேயே இருக்க முடியுமா?" புற்றுநோயிலும் இத்தகைய கேள்விகளே நமக்குத் தேவை.

வலியை அளக்க முடியுமா?

நீளத்துக்கு அளவுகோல் உண்டு. வெப்பத்துக்கு வெப்பமானி உண்டு. வலிக்கு என்ன கருவி? உடலில் செருகி வலியின் அளவைப் படிக்கக்கூடிய கருவி எதுவும் கிடையாது. நோயாளி ஒருவர்தான் கருவி! வலியே இல்லை என்றால் 0, கற்பனை செய்யக்கூடிய மிகக் கடுமையான வலி என்றால் 10. இப்போது உங்கள் வலி எத்தனை என்று அவரையே கேட்கிறார்கள்.

"இதென்ன அளவீடு? ஒருவருடைய ஐந்து இன்னொருவருக்கு ஏழாக இருக்கலாமே" என்று நீங்கள் சந்தேகப்படலாம். நல்ல சந்தேகம். ஆனால் ஆய்வில் முக்கியமானது, அதே நோயாளியின் எண் சிகிச்சைக்குப் பின் எவ்வளவு இறங்கியது என்பதே. நேற்று எட்டு என்றவர் இன்று மூன்று என்கிறார். நூற்றுக்கணக்கானவர்களிடம் இவ்வாறு கேட்டு, இரு குழுக்களையும் ஒப்பிட்டால், தனி மனிதர்களின் கூடுதல் குறைச்சல்கள் ஒன்றையொன்று பெருமளவு ஈடு செய்துவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டைப் பலமுறை எடுத்துச் சராசரி காண்கிறோமே, அதன் தத்துவமும் இதுதான்.

8 ஜூல் செய்யும் வேலை

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்ற அலகால் குறிப்பிடுகிறோம். ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது ஒரு கிரே. அப்படியானால் 8 கிரே என்பது கிலோவுக்கு 8 ஜூல். இது எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். 8 ஜூலால் உயர்வது சுமார் 0.002 டிகிரி மட்டுமே. நீங்கள் காலையில் குடிக்கும் ஒரு வாய் சூடான டீ இதைவிட நூறு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உடலுக்குத் தருகிறது!

பின் கதிர்வீச்சு எப்படி வேலை செய்கிறது? அதன் ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாக வந்து அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெறிகிறது. செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழைகள் அறுபடுகின்றன. அறுந்த இழைகளைச் சரிசெய்துகொள்ள முடியாத செல்கள் அழிகின்றன. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில், 1957-லேயே கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பட்டது. புதுச்சேரியில் ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையத்தில் இன்று கதிர்வீச்சுச் சிகிச்சை கிடைக்கிறது.

புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் கடும் வலி உண்டாகும். கதிர்வீச்சு அதைத் தணிக்கும். நெடுங்காலமாக இதைப் பல தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பதே வழக்கம். 3 கிரே வீதம் பத்து நாள் என்பது பலரும் பின்பற்றும் ஒரு முறை. ஒரே தவணை போதாதா? இக்கேள்வியை நெதர்லாந்து நாட்டு டாக்டர்கள் 1,171 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே முறை 8 கிரே. மற்றதற்கு 4 கிரே வீதம் ஆறு முறை. நோயாளிகள் ஒவ்வொரு வாரமும் தங்கள் வலியின் எண்ணை எழுதி அனுப்பினார்கள். 1999-ல் வெளியான முடிவு என்ன? இரு குழுவிலும் பத்தில் ஏழு பேருக்கு வலி தணிந்தது. வேறுபாடு இல்லை!

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே முறை பெற்றவர்களில் 25 சதவீதத்தினருக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை கதிர்வீச்சு தரப்பட்டது. ஆறு முறை பெற்றவர்களில் இது 7 சதவீதமே. ஆனாலும் நான்கில் மூன்று பேருக்கு ஒரே பயணத்தில் காரியம் முடிந்துவிட்டது.

இதைத் திருக்கனூரில் உட்கார்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். இங்கிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரியில் இறங்கி, அங்கிருந்து கோரிமேட்டுக்குப் போக வேண்டும். போகவர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பத்துத் தவணை என்றால் 500 கிலோமீட்டர். எலும்பில் வலியோடு, குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலையும் தாங்கிக்கொண்டு போகவேண்டும். துணைக்குப் போகிறவருக்குப் பத்து நாள் கரும்பு வெட்டும் கூலியோ நடவுக் கூலியோ போய்விடும். ஒரே தவணை என்றால் இவற்றில் ஒன்பது பங்கு மிச்சம். பல ஆய்வுகள் திரும்பத் திரும்ப இதையே காட்டிய பிறகும், உலகில் பல இடங்களில் பல தவணை முறை இன்னும் விடாமல் தொடர்கிறது. கிடைத்த உண்மையை நடைமுறைக்குக் கொண்டுவருவதும் ஒரு வேலைதான்.

ஓர் எச்சரிக்கை. இது சிக்கல் இல்லாத எலும்பு வலிக்கு மட்டும் சொன்னது. நோயையே தீர்ப்பதற்காகத் தரும் கதிர்வீச்சு வாரக் கணக்கில் நீளும். அதை நடுவில் நிறுத்துவது ஆபத்து. எது எவருக்கு என்பதைச் சிகிச்சை தரும் டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

அபினியும் சட்டமும்

கடும் வலிக்கு மலிவான மருந்து மார்ஃபின். அபினியிலிருந்து எடுப்பது. "அது போதை மருந்தாயிற்றே, பழகிவிடுமே" என்ற பயம் எல்லா நாட்டிலும் இருந்தது. இங்கிலாந்தில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், வலி வந்து துடித்த பிறகு ஊசி போடாமல், மணி தவறாமல் வாய் வழியாக மார்ஃபின் கொடுத்து, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பெழுதி வந்தார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டஃபர் இல்லத்தைத் தொடங்கினார். மார்ஃபினை விட ஹெராயின் உயர்ந்தது என்று அக்காலத்தில் அந்நாட்டு டாக்டர்கள் பலர் நம்பினர். அந்த இல்லத்தில் டாக்டர் ராபர்ட் டிவைகிராஸ் இரண்டையும் ஒப்பிட்டு ஆய்வு செய்து, சாதாரண மார்ஃபினே போதும் என்று 1977-ல் அறிவித்தார். வலிக்கேற்பப் படிப்படியாக மருந்து தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்டது. அதன் மேல் படியில் இருப்பது மார்ஃபின்.

நம் நாட்டில் நடந்ததோ வேறு. சட்ட அனுமதியோடு அபினி பயிரிடும் நாடு இது. ஆனால் 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால், ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்கி வைப்பதற்கே அஞ்சின. மார்ஃபின் பயன்பாடு மிகவும் குறைந்துபோனது. எத்தனையோ நோயாளிகள் வலியிலேயே இறந்தார்கள்.

இந்தப் பயத்துக்கு எண்களால் பதில் சொன்னது கேரளம். கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். நோயாளிகளுக்கு மார்ஃபின் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். சுமார் 1,700 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்ததில், மருந்து தவறான கைக்குப் போனதாகத் தெரியவில்லை என்று 2001-ல் வெளியிட்டார்கள். 2014-ல் சட்டமும் திருத்தப்பட்டது. வலியால் துடிப்பவர்களுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் பலர். சட்டத்தை அசைக்க அதனுடன் ஆதாரமும் தேவைப்பட்டது.

நம் கேள்வியை யார் கேட்பது?

வாய், தொண்டைப் புற்றுநோய் நம் நாட்டில் மிக அதிகம். புகையிலை முக்கியக் காரணம். மீண்டும் தலைதூக்கிய, அறுவை செய்ய முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். வீட்டிலேயே விழுங்கக்கூடிய, விலை குறைந்த இரண்டு பழைய மாத்திரைகள் இதற்கு ஈடாகுமா? 422 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. ஊசி மருந்துக் குழுவில் பாதிப்பேர் 6.1 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தனர். மாத்திரைக் குழுவில் இது 7.5 மாதங்கள். கடுமையான பக்க விளைவுகள் ஊசிக் குழுவில் 30 சதவீதம், மாத்திரைக் குழுவில் 19 சதவீதம்.

ஒன்றரை மாத வித்தியாசம் பெரிதா என்று கேட்காதீர்கள். ஏழரை மாதத்தையும் தன் வீட்டுத் திண்ணையில் கழிக்க முடிவது பெரிது.

அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு ஆய்வு 2022-ல் வெளியாயிற்று. நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இவர்கள் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராமை, மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் பெற்ற குழுவில் 16.3 சதவீதம்; இந்தச் சிறு அளவையும் சேர்த்துப் பெற்ற குழுவில் 43.4 சதவீதம்!

யோசியுங்கள். தன் மருந்தைக் குறைவாக விற்பதற்கான ஆய்வை எந்தக் கம்பெனி பணம் கொடுத்து நடத்தும்? பத்துத் தவணையை ஒன்றாகக் குறைப்பதால் யாருக்கு லாபம்? நோயாளிக்குத்தான். ஆகவே இத்தகைய கேள்விகளை அரசாங்கமும் பொது ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகங்களுமே கேட்க வேண்டும். அவை கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

தணிப்புச் சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதும் இத்தகைய கேள்வியே. கடைசிக் கட்டத்தில்தான் என்பது பொது எண்ணம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோய் இருப்பது அப்போதுதான் தெரியவந்த 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தணிப்புச் சிகிச்சையும் ஆரம்பத்திலேயே தரப்பட்டது. 2010-ல் வெளியான முடிவின்படி அவர்களுடைய அன்றாட வாழ்க்கை மேலாக இருந்தது; மனச்சோர்வும் குறைவு. அது மட்டுமா? மற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.9 மாதமாக இருக்க, இவர்களுடையது 11.6 மாதம். ஆயுள் கூடுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் எல்லாம் உறுதி செய்யவில்லை. ஆனால் வாழ்க்கை மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தணிப்புச் சிகிச்சைக்கு அனுப்புவது கைவிடுவது ஆகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சோதனை எலிகளா?

"ஆய்வு என்றால் எங்களை எலியாக்குவது" என்று பயப்படுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. 1999-2000 ஆண்டுகளில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்றுநோயாளிகள் சிலருக்குச் சோதனை இரசாயனங்கள் செலுத்தப்பட்டன. தங்களுக்கு நேர்வது என்னவென்று சரியாகத் தெரிவிக்கப்படவில்லை என்ற புகார் எழுந்தது. தன் விஞ்ஞானி ஒருவர் உரிய அனுமதி பெறாமல் இதில் ஈடுபட்டதாக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2001-ல் ஒப்புக்கொண்டது.

இதற்குத் தீர்வு ஆய்வையே நிறுத்துவது ஆகாது. நிறுத்தினால் பழக்கமும் ஊகமும்தான் மிஞ்சும். தீர்வு, நியாயமான விதிகள். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. 2009 முதல் பதிவு செய்வது கட்டாயம். 2019-ல் புதிய விதிகளும் வந்தன. நெறிமுறைக் குழு ஒப்புதல் தரவேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் பெறவேண்டும். எந்த நேரத்திலும் அவர் விலகலாம்; விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும். உங்கள் வயதினர் ஓர் ஆய்வில் சேர்வதென்றால் பெற்றோரின் சம்மதத்தோடு உங்கள் இசைவையும் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை ஒன்று. இரண்டு சிகிச்சையில் எது மேல் என்று டாக்டர்களுக்கு உண்மையாகவே தெரியாதபோதுதான் நாணயம் சுண்டலாம். தெரிந்த பிறகு சுண்டுவது குற்றம்.

நம் பக்கத்திலும் ஒரு தடை இருக்கிறது. பல குடும்பங்களில் நோயாளியிடம் நோயின் பெயரையே சொல்வதில்லை. "கட்டி", "புண்" என்று மழுப்பி விடுகிறார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் தன் நோய் என்னவென்று தெரியாதவர் எதற்குச் சம்மதம் தர முடியும்? மாத்திரையா ஊசியா, வீடா ஆஸ்பத்திரியா என்று எப்படித் தேர்ந்தெடுப்பார்? பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவு சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கு உரிய உண்மையை அவரிடமிருந்து பறிக்கக்கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலாவதாக, எந்த மருந்தைப் பற்றி யார் பெருமையாகச் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எதை அளந்தார்கள்? கட்டியின் அளவு மட்டும் குறைந்ததா, அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து பேரனோடு பேசினாரா?

இரண்டாவதாக, உங்கள் தெருவில் "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று வீட்டுக்குத் திரும்பியவர் இருந்தால், தணிப்புச் சிகிச்சை என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டுப் பெறலாம் என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை.

மூன்றாவதாக, மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் துறையையும் நினைத்துப் பாருங்கள். டாக்டர்களும் செவிலியரும் மட்டும் இதற்குப் போதாது. கதிர்வீச்சின் அளவைக் கணிக்க மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். ஆய்வைத் திட்டமிடப் புள்ளியியல் படித்தவர் வேண்டும். நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, எண்ணாகவும் எழுத்தாகவும் பதிவு செய்கிறவர் வேண்டும்.

புற்றுநோயை முற்றிலும் வெல்லும் நாள் என்று வருமோ, சொல்ல முடியாது. அதுவரை இன்றிரவு வலியோடு படுத்திருப்பவர் காத்திருக்க வேண்டுமா? அவருடைய வலி எட்டிலிருந்து மூன்றாக இறங்க என்ன வழி என்பதை இன்றே ஆராயலாம். அந்த ஆராய்ச்சியில் உங்களில் சிலராவது சேர்வீர்களா?